மனச்சோர்வு மாத்திரையும் இதய மாத்திரையும் உடலுக்குள் சந்திக்கும்போது

சில மாதங்களுக்கு முன் மயிலாப்பூரிலிருந்து 64 வயதுப் பெண்மணி ஒருவரை அவருடைய மகள் எங்கள் பிரிவுக்கு அழைத்து வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு ஏற்பட்டு ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர் அவர். அன்று முதல் ஆஸ்பிரினும், நாள்தோறும் 50 மில்லிகிராம் மெட்டோபிரோலாலும் தவறாமல் உட்கொண்டு வந்தார். காலையில் நாகேஸ்வரராவ் பூங்காவில் நான்கு சுற்று நடப்பது அவர் வழக்கம். ஒரு வாரமாக அது இயலவில்லை. விடியற்காலையில் வாசலில் கோலமிட்டு நிமிரும்போது கண் இருண்டது. அன்று காலை சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வீட்டிலிருந்த இரத்த அழுத்தக் கருவி நாடித்துடிப்பு 42 என்று காட்டவே, கருவிதான் பழுதாகிவிட்டது என்று மகள் எண்ணினார். நாங்கள் எடுத்த இ.சி.ஜி.யிலும் துடிப்பு 42 ஆகவே இருந்தது. இரத்த அழுத்தம் 94/60.

"அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்குமா, டாக்டர்?" என்று மகள் கேட்டார். விடை சொல்லும் முன் நாங்கள் ஒன்று கேட்டோம்: புதிதாக ஏதேனும் மாத்திரை தொடங்கினீர்களா? இருவருமே இல்லை என்றனர். கேள்வியைப் பிரித்துக் கேட்டோம். வலிக்கு ஏதேனும்? கண்ணுக்குச் சொட்டு மருந்து? தூக்கத்திற்கு? மனத்திற்கு? கடைசிக் கேள்விக்குத் தாய் மகளைப் பார்த்தார். மகள் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பாராக்ஸெடின் என்னும் மனச்சோர்வு மருந்து.

கணவர் இறந்து எட்டு மாதங்களாகியும் அந்த அம்மாளுக்கு உணவில் விருப்பமில்லை, தூக்கமில்லை, எதிலும் பற்றில்லை. மூன்று வாரங்களுக்கு முன் அடையாற்றில் ஒரு மனநல மருத்துவரிடம் சென்றிருந்தார்கள். இதயத்திற்கு மருந்து உண்பதாகச் சொன்னார்களே தவிர, அந்தச் சீட்டைக் கொண்டுசெல்லவில்லை. இங்கே மறுபரிசோதனைக்கு வந்தபோது மனநல மருத்துவரைப் பற்றிச் சொல்லவில்லை. இதய மாத்திரைகளை வீட்டருகே உள்ள மருந்துக்கடையில் வாங்கியவர்கள், இந்த ஒன்றை மட்டும் தியாகராய நகரில் வாங்கினார்கள். "தெருவில் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்றுதான், டாக்டர். எனக்குப் பைத்தியம் என்று நினைத்துவிட்டால்?" என்றார் அந்த அம்மாள்.

அவருடைய இசைவு பெற்று, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறோம். இரு மருந்துகளும் நல்ல மருந்துகள். இரண்டும் அவருக்குத் தேவையானவை. இரண்டையும் ஒரே உடல் உட்கொள்கிறது என்பதை இரு மருத்துவர்களில் ஒருவரும் அறியாதிருந்ததே இடர்ப்பாட்டின் காரணம்.

கல்லீரலில் நடப்பது என்ன?

மெட்டோபிரோலால் 'பீட்டா தடுப்பான்' என்னும் வகையைச் சேர்ந்தது. அட்ரினலின் போன்ற சுரப்புகள் இதயத்தைத் துரிதப்படுத்துவதை இது தடுக்கிறது. இதனால் துடிப்பு நிதானமாகிறது, இரத்த அழுத்தம் குறைகிறது, இதயத்தின் பளு தணிகிறது. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, துடிப்புக் கோளாறு ஆகியவற்றில் இது பலருக்கு உயிர்காக்கும் மருந்து.

உட்கொண்ட மெட்டோபிரோலாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்து வெளியேற்றுகிறது. இப்பணியைச் செய்யும் முதன்மையான நொதியின் பெயர் சிஒய்பி 2டி6. தொட்டியில் நீர் ஒரு குழாய் வழியே விழுந்து மறு குழாய் வழியே வெளியேறுவதை எண்ணிக்கொள்ளுங்கள். நாள்தோறும் விழும் அளவும் வெளியேறும் அளவும் சமமாக இருக்கும்வரை நீர்மட்டம் ஒரே நிலையில் நிற்கும். பாராக்ஸெடின், ஃபுளுவாக்ஸெடின் ஆகிய மனச்சோர்வு மருந்துகள் இந்த நொதியை வலுவாக முடக்கிவிடுகின்றன. விழும் நீர் முன்போலவே விழ, வெளியேறும் வழி குறுகிப்போகிறது. பாராக்ஸெடினுடன் சேரும்போது உடலில் தங்கும் மெட்டோபிரோலாலின் அளவு மூன்று முதல் ஐந்து மடங்கு வரை உயரக்கூடும். அந்த அம்மாள் விழுங்கியது 50 மில்லிகிராம்தான். அவருடைய இதயம் உணர்ந்ததோ அதைவிட மிக அதிகம்.

இந்த நொதி எல்லாருக்கும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. அது தெரியவந்த வரலாறும் இரத்த அழுத்த மருந்தொன்றிலிருந்தே தொடங்குகிறது. 1975-ஆம் ஆண்டு இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனைக் கல்லூரியில் ராபர்ட் ஸ்மித் என்னும் ஆய்வாளர், டெப்ரிசோகுயின் என்ற இரத்த அழுத்த மருந்தைச் சோதனைக்காகத் தாமே உட்கொண்டார். உடன் உட்கொண்ட மற்றவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. அவருக்கு மட்டும் இரத்த அழுத்தம் சரிந்து தலைசுற்றியது. அம்மருந்தைச் சிதைக்கும் ஆற்றல் அவர் உடலில் பிறவியிலேயே குறைவாக இருந்தது பின்னர் தெரிந்தது. 1977-இல் வெளியான அந்த ஆய்வே, இன்று சிஒய்பி 2டி6 எனப்படும் நொதியை மருத்துவ உலகம் அறிந்துகொள்ள வழிவகுத்தது. புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் தென்னிந்திய மக்களிடையே இதை ஆராய்ந்துள்ளனர். நம்மவர்களிலும் நூற்றுக்குச் சிலருக்கு இந்த நொதி பிறவியிலேயே செயலற்றுள்ளது. மற்றவர்களுக்கு இயல்பாக வேலை செய்யும் நொதியைப் பாராக்ஸெடின் சில நாட்களில் ஏறத்தாழ அதே நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

எனினும் அஞ்ச வேண்டாம். இவ்விரு மருந்துகளையும் சேர்த்து உண்ணும் பெரும்பாலோருக்குப் பெருங்கேடு நேர்வதில்லை. பலருக்குத் துடிப்பு சற்றுக் குறைவதோடு நின்றுவிடும். முதியவர்கள், ஏற்கெனவே துடிப்பு குறைவாக உள்ளவர்கள், இதயத்தின் மின்னோட்டப் பாதையில் தடை உள்ளவர்கள், வெராபமில், டில்டியாசெம், டிகாக்சின் போன்ற மருந்துகளையும் உண்பவர்கள் ஆகியோருக்கே இடர் மிகுதி. கத்திரி வெயிலில் உடலின் நீர் வற்றும்போது இரத்த அழுத்தம் மேலும் சரியும் என்பதையும் சென்னைவாசிகள் நினைவில் கொள்ள வேண்டும்.

எல்லா மருந்துகளும் ஒன்றல்ல

பீட்டா தடுப்பான்களுள் மெட்டோபிரோலால், புரோபிரனோலால், கார்வெடிலால், நெபிவோலால் ஆகியவை இந்த நொதியைப் பெரிதும் சார்ந்தவை. அட்டெனோலால் பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. பிசோபிரோலாலில் ஏறத்தாழப் பாதி சிறுநீரகம் வழியேயும், மறுபாதி கல்லீரலில் வேறு நொதிகளாலும் அகற்றப்படுகிறது. ஆகையால் இவ்விரண்டும் பாராக்ஸெடினால் அதிகம் பாதிக்கப்படுவதில்லை.

மனச்சோர்வு மருந்துகளுள் பாராக்ஸெடின், ஃபுளுவாக்ஸெடின், புபுரோபியான் ஆகியவை நொதியை வலுவாகத் தடுப்பவை. டுலாக்ஸெடின் நடுத்தரம். செர்ட்ராலின் வழக்கமான அளவில் சிறிதளவே தடுக்கும். அளவு கூடும்போது தடையும் கூடும். எஸ்சிட்டலோபிராமின் தடை மிதமானதே. ஆனால் அது இ.சி.ஜி.யில் 'கியூ-டி' என்னும் இடைவெளியை நீட்டக்கூடும் என்பதால் முதியவர்களுக்குக் குறைந்த அளவிலேயே தரப்படுகிறது. மிர்ட்டாசபின் இந்த நொதியை அநேகமாகத் தொடுவதில்லை. இவற்றில் எது யாருக்குப் பொருந்தும் என்பது இதயத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதன்று. மனநல மருத்துவருடன் சேர்ந்தே முடிவு செய்யப்பட வேண்டும்.

பலரும் மருந்தென்றே கருதாத இரண்டைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறோம். முதலாவது, கண்நீர் அழுத்தத்திற்குத் தரப்படும் டிமோலால் சொட்டு மருந்து. அதுவும் ஒரு பீட்டா தடுப்பானே. கண்ணிலிருந்து இரத்தத்தில் கலந்து இதயத்தை நிதானப்படுத்தும். அதைச் சிதைப்பதும் இதே நொதிதான். இரண்டாவது, பதற்றத்திற்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படும் கூட்டு மாத்திரைகள். எட்டிசோலாமுடனோ ஃபுளுனாரிசினுடனோ புரோபிரனோலால் சேர்ந்த மாத்திரைகள் நம் நாட்டில் பரவலாக விற்கப்படுகின்றன. இதயத்திற்கு மெட்டோபிரோலால் உண்பவர் இதையும் உண்டால், இரண்டு பீட்டா தடுப்பான்களை அறியாமலே உண்கிறார். அட்டையின் முகப்பில் உள்ள வணிகப் பெயரைப் பார்த்தால் இது புலப்படாது. அதன்கீழ் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் பார்க்க வேண்டும்.

தவிர, ஸ்டென்ட் பொருத்தியவர்கள் உண்ணும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் ஆகியவற்றுடன் பாராக்ஸெடின், செர்ட்ராலின் வகை மருந்துகள் சேரும்போது இரத்தக்கசிவுக்கான வாய்ப்பு சற்றுக் கூடும். கறுத்த மலமோ, காரணமின்றித் தோலில் நீலத் தழும்போ கண்டால் எங்களிடம் சொல்லுங்கள். முதியவர்களுக்கு இம்மருந்துகளால் இரத்தத்தில் சோடியம் குறைந்தும் தலைசுற்றலும் குழப்பமும் வரலாம். சிறுநீர் பிரியும் மாத்திரை உண்பவர்களுக்கு இது எளிதில் நேரும். ஆகவே தலைசுற்றல் என்றவுடன் துடிப்பை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல் சோடியத்தையும் பரிசோதிக்கிறோம். அந்த அம்மாளுக்கு அது இயல்பாகவே இருந்தது.

நாங்கள் செய்தது என்ன?

அன்று அவரை உள்நோயாளியாகச் சேர்த்து, துடிப்பைக் கண்காணிக்கும் கருவியுடன் இணைத்தோம். அன்றைய மெட்டோபிரோலாலை மட்டும் நிறுத்தி வைத்தோம். மறுநாள் துடிப்பு 54-க்கு உயர்ந்தது. அதன்பின் பாதி அளவில், அதாவது 25 மில்லிகிராமில், மீண்டும் தொடங்கினோம். பேஸ்மேக்கர் தேவைப்படவில்லை.

மகள் கேட்டது இயல்பான கேள்வி: "அந்த மனச்சோர்வு மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடலாமா?" வேண்டாம் என்றோம். பாராக்ஸெடினைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், உடலில் மின்னதிர்வு போன்ற உணர்வு, தூக்கமின்மை ஆகியவை தோன்றும், மனச்சோர்வும் திரும்பும். பீட்டா தடுப்பானைத் திடீரென நிறுத்துவது அதைவிட ஆபத்தானது: இதயம் கட்டவிழ்ந்தாற்போல் வேகமெடுக்கும், இதயக் குழாய் அடைப்புள்ளவர்களுக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். ஆகவே பயத்தில் வீட்டிலேயே எதையும் நிறுத்தக்கூடாது.

மனநல மருத்துவருடன் தொலைபேசியில் பேசினோம். அவர் பாராக்ஸெடினைப் படிப்படியாகக் குறைத்து, செர்ட்ராலினைத் தொடங்கினார். மாரடைப்பு அல்லது அதையொத்த நெஞ்சுவலி நோய்க்கு ஆளாகி மனச்சோர்வுற்ற 369 பேரிடம் செர்ட்ராலின் சோதிக்கப்பட்டு, இதயத்திற்குப் பாதுகாப்பானதெனக் காட்டிய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. எங்கள் தேர்வுக்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு படி உண்டு. நொதியை முடக்கிய மருந்து விலகியதும் கல்லீரல் பழைய வேகத்தில் மெட்டோபிரோலாலைச் சிதைக்கத் தொடங்கும். பாதியாகக் குறைத்த அளவு அப்போது போதாமல் போகும். பாராக்ஸெடினின் தடை ஓரிரு வாரங்களில் நீங்கும். ஃபுளுவாக்ஸெடின் உடலில் நெடுநாள் தங்குவதால் அதன் தடை ஐந்து வாரங்கள் வரைகூட நீடிக்கலாம். எனவே மருந்தை நிறுத்திய பின்னும் துடிப்பைப் பார்த்துவர வேண்டும். அந்த அம்மாளுக்கு மூன்றாம் வாரத்தில் துடிப்பு 84-க்கு ஏறியது. மெட்டோபிரோலாலை மீண்டும் 50 மில்லிகிராம் ஆக்கினோம். ஆறாம் வாரம் வந்தபோது துடிப்பு 66. பூங்காவில் இரண்டு சுற்று நடப்பதாகச் சொன்னார்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. உண்ணும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்: மருந்தின் பெயர், அளவு, வேளை, எழுதிக் கொடுத்த மருத்துவர், தொடங்கிய நாள். சொட்டு மருந்து, சித்த, ஆயுர்வேத மருந்துகள், கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை ஆகியவையும் அதில் இடம்பெற வேண்டும். எந்த மருத்துவரிடம் சென்றாலும் அத்தாளை முதலில் நீட்டுங்கள்.

2. பீட்டா தடுப்பான் உண்பவர் மனச்சோர்வு மருந்தைப் புதிதாகத் தொடங்கினால், அல்லது அதன் அளவு கூடினால், முதல் நான்கு வாரங்கள் நாள்தோறும் காலையில் நாடித்துடிப்பைக் குறித்து வையுங்கள். ஐந்து நிமிடம் அமர்ந்திருந்தபின், கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும்.

3. உட்கார்ந்த நிலையிலும், எழுந்து நின்று ஒரு நிமிடத்திற்குப் பின்னும், மூன்று நிமிடத்திற்குப் பின்னும் இரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் தெரிவியுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது சற்று அமர்ந்து, பின் நில்லுங்கள்.

4. துடிப்பு 50-க்குக் கீழே சென்று, களைப்போ தலைசுற்றலோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். மயங்கி விழுதல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், 40-க்குக் குறைந்த துடிப்பு ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள். பீட்டா தடுப்பான் உண்பவருக்கு எந்தத் தொல்லையுமின்றி 55 முதல் 60 வரை துடிப்பு இருப்பது பெரும்பாலும் இயல்பே.

5. ஆஸ்துமா உள்ளவர்கள் மூச்சில் விசில் ஒலி கேட்கிறதா என்று கவனியுங்கள். மெட்டோபிரோலால் மிகும்போது அது நுரையீரலையும் தொடும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை தாழும்போது தோன்றும் படபடப்பை இம்மருந்து மறைத்துவிடும். வியர்வை மட்டுமே அடையாளமாக மிஞ்சலாம். ஐயம் எழுந்தால் சர்க்கரையைச் சோதியுங்கள்.

6. இயன்றவரை எல்லா மருந்துகளையும் ஒரே மருந்துக்கடையில் வாங்குங்கள். சேரக்கூடாதவை சேரும்போது மருந்தாளுநர் ஒருவராவது கண்டுகொள்ள அது வாய்ப்பளிக்கும்.

அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வி

"இதய மாத்திரையால்தான் மனச்சோர்வு வந்ததா?" என்று குடும்பத்தார் பலர் கேட்கின்றனர். பீட்டா தடுப்பான்கள் மனச்சோர்வை உண்டாக்கும் என்ற கருத்து 1960-களிலிருந்தே உண்டு. 35,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட 15 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான ஆய்வில், குறிப்பிடத்தக்க அளவில் மனச்சோர்வு கூடியதாகத் தெரியவில்லை. களைப்பு சிறிதளவு கூடியிருந்தது. புரோபிரனோலால் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுத்துக் கெட்ட கனவுகளைத் தரலாம். அவ்வாறிருந்தால் சொல்லுங்கள், மாற்ற இயலும்.

உண்மை பெரும்பாலும் வேறு வழியில் உள்ளது. மாரடைப்புக்குப் பின் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குத் தீவிர மனச்சோர்வு ஏற்படுகிறது. அதைக் கவனியாமல் விட்டால் நோயாளி மாத்திரையைத் தவறவிடுகிறார், நடையை நிறுத்துகிறார், உணவைப் புறக்கணிக்கிறார். இதயநோயின் போக்கும் மோசமாகிறது. மாரடைப்புக்குப் பின்வரும் மனச்சோர்வை இடர்க்காரணிகளுள் ஒன்றாகக் கொள்ள வேண்டுமென்று 2014-ஆம் ஆண்டு அமெரிக்க இதயச் சங்கம் பரிந்துரைத்தது. மனச்சோர்வுக்கு மருந்து உண்பதும் இதயத்தைக் காக்கும் முயற்சியின் ஒரு பகுதியே. அதில் நாணுவதற்கு எதுவுமில்லை.

எங்கள் பங்குக்கு நாங்களும் ஒன்றைக் கற்றோம். "வேறு மருந்து ஏதேனும் உண்டா?" என்ற ஒற்றைக் கேள்வி போதாது. இப்போது எங்கள் புறநோயாளிப் பிரிவில் தூக்கம், மனம், வலி, கண் ஆகியவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லிக் கேட்கிறோம். குடும்பத்தார் முன்னிலையில் சொல்லத் தயங்குபவர்களிடம் தனியாகவும் கேட்கிறோம். அங்கு சொல்வதை நோயாளியின் இசைவின்றி உறவினரிடம் வெளியிடுவதில்லை. மற்ற மருத்துவரிடம் பேசுவதற்கும் இசைவு கேட்கிறோம்.

துயரம் தாளமுடியாத நேரத்தில் மருத்துவரைச் சந்திக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழில் பேசலாம்.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது, வீட்டில் அலமாரியிலும் தலையணைக்கடியிலும் கைப்பையிலும் உள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். மேசைமேல் பரப்பி, உங்களோடு அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.